ஊத்துப்பாறையின் பதினாறு நிறங்கள்

ஊத்துப்பாறை பேரூராட்சி எல்லைக்குள் பதினாறே பதினாறு நிறங்கள் மட்டும் புழங்கிய அந்த நாற்பத்தொரு நாட்களைப் பற்றி இன்றைக்கு அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், ஏதோ குடிதண்ணீர்க் குழாய் உடைந்து சரியான கதையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள், அப்படியொன்று நடந்ததா என்று யாரும் வாதம் செய்ய மாட்டார்கள், அந்த நாட்களில் எடுத்த சேலைகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று சாதித்த ஜவுளிக்கடைத் திரவியம் அண்ணாச்சி செய்தது நியாயமா என்றுதான் வாதம் செய்வார்கள். ஆகவே நாமும் அலட்டிக்கொள்ளாமல் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ‘மந்திரம் கிராபிக்ஸ்’ என்று பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருந்தவன் மந்திரமூர்த்தி. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதனுக்கு என்னவெல்லாம் நேருமோ அத்தனைக்கும் பத்துக்கு ஆறில் பேனர் அடித்துக் கொடுத்தவன். கம்ப்யூட்டரில் கறுத்தவர்களை வெளுக்க வைப்பான், வழுக்கையில் முடி வளர்ப்பான், செத்துப்போனவருக்குக்கூடக் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டுத்தான் அனுப்பிவைப்பான். தனக்கென்று மட்டும் அவனால் ஒன்றும் செய்துகொள்ள முடியவில்லை. வயது முப்பத்தெட்டு, முருங்கைக்காய் உடம்பு, பரு வந்து குழி குழியாகிப்போன கன்னம், இரண்டு காதோரமும் நரை. அக்கா இசக்கியம்மாளோடு பதினோரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய்க் கேசரியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு வந்திருந்தான். பதினோரு வீட்டிலும் ‘கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்’ என்றார்கள், இன்றுவரைக்கும் கலந்து பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் புரட்டாசி மழையில் ஓர் இடி விழுந்து, கடைக் கம்ப்யூட்டரில் இருந்த கிராபிக்ஸ் கார்டு புகைந்துபோயிற்று. திரையில் படம் தெரிவதற்கு அந்தக் கார்டுதான் ஆதாரம். புதுக் கார்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மந்திரமூர்த்தி எதையும் தூக்கிப்போடாதவன் ஆனதால், தொழில் பழகிய காலத்தில் வாங்கிய ஒரு பழைய கார்டு பீரோவில், பாலிதீன் பையில், பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருந்தது. அதைத் தூசி தட்டி மேஜையில் வைத்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜையன்று இசக்கியம்மாள் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகக் கடைக்கு வந்து, பிரிண்டர், ஸ்டேப்ளர், நாற்காலி, கத்தரிக்கோல், கால்குலேட்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள். கார்டுக்கும் முன்னும் பின்னும் அடியிலுமாக வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நான்கு பொரியையும் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பத்தரை மணி. அக்கா வைத்த பொட்டை அழிக்க மந்திரமூர்த்திக்குத் தைரியம் வரவில்லை, கார்டை அப்படியே உள்ளே செருகி, கற்பூரம் காட்டி, பட்டனை அமுக்கினான்.

கம்ப்யூட்டரில் இருந்ததோ போன மாதம்தான் ஏற்றிய புத்தம் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம். அது அந்தக் கார்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘இந்தக் கருவி யாரென்று எனக்குத் தெரியவில்லை’ என்று ஒரு கட்டத்துக்குள் எழுதிக் காட்டியது. யாரென்று தெரியாத விருந்தாளிக்குச் சிஸ்டம் என்ன மரியாதை கொடுக்குமோ அதைத்தான் கொடுத்தது, அதாவது பதினாறு நிறம், அதுவும் பக்கவாட்டில் இழுத்துவிட்ட படம். திரை அப்படி ஆன அதே நொடியில், மேற்கே ரயில்வே கேட்டிலிருந்து கிழக்கே ‘ஊத்துப்பாறை தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்கிற வளைவு வரைக்கும் ஊரும் அப்படியே ஆயிற்று.

கறுப்பு, வெள்ளை, சாம்பலில் இரண்டு, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றிலும் வெளிறியது ஒன்று அழுத்தமானது ஒன்று, அப்புறம் யாரும் பெயர் வைக்காத மிச்சம் நான்கு, ஆக மொத்தம் பதினாறு. அதற்கு மேல் ஒரு நிறம் கிடையாது. சாயங்கால வானம் பட்டை பட்டையாக, பட்டைகளுக்கு நடுவில் சுங்குடிப் புள்ளிகளோடு இருட்டியது. மனிதர்கள், மாடுகள், ஆட்டோக்கள் எல்லாம் கால்வாசி அகலம் கூடிப் போயின, ஆனால் கதவுகளும் சேர்ந்து அகலமாகிவிட்டதால் யாரும் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. முதல் நாள் அரை மணி நேரம் தெருவில் நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு உலை கொதிக்கிற நேரமாகிவிட்டதால் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காரணம் யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் என்ன நடந்தது என்று பார்க்க மந்திரமூர்த்தி கம்ப்யூட்டரை அணைத்தபோது பட்டப்பகல் பதினொரு மணிக்கு ஊர் கும்மிருட்டாகி, கோழிகள் கூட்டுக்குள் போய், மாரியம்மன் கோவில் தெருவில் ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குள் போய்க் கை கழுவிவிட்டுச் சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டார். திரும்பப் போட்டதும் வெளிச்சம் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து வேறொரு கார்டை இரவல் வாங்கி வந்து செருகிப் பார்த்தான், இருட்டு அசையவில்லை, ஒரு வாரம் கழித்துப் புதுக் கார்டு வந்தபோதும் அதே கதைதான். ஊர் அந்தப் பழைய கார்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பேரூராட்சித் தலைவி லூர்து மேரி அம்மாள் நேரில் வந்து பார்வையிட்டு, மந்திரம் கிராபிக்ஸுக்கு இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரி கொடுக்கச் சொல்லிவிட்டு, “தம்பி, என்ன வேணும்னாலும் பண்ணுங்க, சொல்லாம மட்டும் ஆஃப் பண்ணிராதீங்க. அரிவாமணையில உக்காந்து காய் நறுக்குத பொம்பளைங்க ஊரு இது” என்றார்.

அன்றிலிருந்து மந்திரமூர்த்தி கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வதென்றால் முதலில் மைக் கட்டிய ஆட்டோ ஊரைச் சுற்றி வரும். “பொதுமக்களின் அன்பான கவனத்திற்கு! சகோதரர் மந்திரமூர்த்தி அவர்கள் இன்னும் பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் செய்ய இருப்பதால், ஒன்றரை நிமிடம் ஊர் இருக்காது. தாய்மார்கள் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்து, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!” நாளாக நாளாக ஒன்றரை நிமிடம் ஊருக்குப் பழகிப்போயிற்று. சிலர் அதில் குட்டித் தூக்கம் போட்டார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் அந்த இருட்டில் முகம் தெரியாத தைரியத்தில் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டார்கள், வெளிச்சம் வந்ததும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள்.

வெளியூர்க்காரர்கள் ஊத்துப்பாறையை நினைத்துப் பரிதாபப்பட்டார்களே தவிர, ஊருக்குள் பலருக்கு அதனால் சௌகரியம்தான். மாநிறம், புதுநிறம், எலுமிச்சை நிறம் என்று ஜாதகத்தில் பார்த்துப் பார்த்து எழுதிய நிறங்களெல்லாம் ஒன்றாகி எல்லோரும் ஒரே பழுப்பாகிப் போனதில், முகத்தை வெளுக்க வைக்கிற களிம்பு டப்பாக்கள் மருந்துக்கடையில் தூங்கின. பேருந்து நிலையத்தில் ஆறு வருஷமாக அடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்டோ சங்கத்தின் கொடிகளும் ஒரே சிவப்பாகிவிட்டதால், யார் எந்தச் சங்கம் என்று அவர்களுக்கே குழம்பி, போகட்டும் என்று ஒரே கம்பத்தடியில் டீ குடித்தார்கள். எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவர் திரவியம் அண்ணாச்சி. ‘இதே மாதிரி, கொஞ்சம் இளசா, ஆனா இவ்வளவு இளசா வேண்டாம்’ என்று கேட்க ஊரில் ஆள் இல்லை. சிவப்பா, அந்தா இருக்கு, பச்சையா, இந்தா இருக்கு. பத்து நிமிடத்தில் முகூர்த்தப் பட்டு முடிந்தது.

“இருபத்தஞ்சு வருச யாவாரத்துல இப்பந்தான் மத்தியானச் சோத்த மத்தியானத்துலயே தின்னுதேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. சேலை கட்டிக்கொண்டு வளைவைத் தாண்டி வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனவர்கள், தாண்டின நொடியில் தாங்கள் கட்டியிருப்பது பிஞ்சுக் கத்தரிக்காய் நிறம் என்று கண்டுபிடித்துப் பேருந்திலேயே அழுதது வேறு கதை.

தக்காளி விற்கிறவர்களுக்கும் தையல்காரர்களுக்கும்தான் திண்டாட்டம். தக்காளி காயாகவோ பழமாகவோ இருந்தது, நடுவில் செங்காய் என்று ஒன்று இல்லவே இல்லை. ஜாக்கெட்டுக்கு எந்த நூல் போட்டாலும் பொருந்தியது, வளைவைத் தாண்டினால் எதுவுமே பொருந்தவில்லை. அவர்கள் தினமும் கடை வாசலில் வந்து நின்று, “என்ன தம்பி, ஏதும் அசைஞ்சுதா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மந்திரமூர்த்தியும் சும்மா இருக்கவில்லை. கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேசி வைக்கிற ஒரு சின்னப் புரோகிராம் உண்டு, டிரைவர் என்பார்கள். பழைய கார்டுக்குப் புதிய சிஸ்டத்தில் அது கிடையாது. அவன் இன்டர்நெட் முழுக்கத் தேடினான், பனி கொட்டுகிற தேசங்களில் இருந்த முகம் தெரியாத மனிதர்களிடம் கைகூப்பி எழுதிக் கேட்டான், அவர்கள் அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றி, மைக் ஆட்டோவைச் சுற்றவிட்டு, ரீஸ்டார்ட் செய்து பார்த்தான். கடைசியில் ஒரு புண்ணியவான் வழி சொன்னான். ‘உன்னைக் கூப்பிட்டிருப்பது அதே பழைய சிஸ்டம்தான், ஒன்றும் மாறவில்லை’ என்று கார்டிடம் சொல்ல வேண்டும். ‘இது உனக்குத் தோதான கார்டுதான், கொஞ்சம் கூச்ச சுபாவம்’ என்று சிஸ்டத்திடம் சொல்ல வேண்டும். சுருக்கமாக, கல்யாணத் தரகர் வேலை. அந்தப் பொய்யையும் பிசகில்லாமல் செய்து முடித்தான். எல்லாம் சரியாக இருந்தது, சிஸ்டம் இப்போது ‘யாரோ இருக்கிறார்கள், முகம்தான் தெரியவில்லை’ என்கிற அளவுக்கு இறங்கி வந்தது, அதற்கப்புறம் ஒரு வாரமாக அசையவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த ஒரு வாரத்தில் மந்திரமூர்த்தியும் பெரிதாக அசையவில்லை. காரணம் கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி. கறுப்போடு கலந்த நரையைப் பிரித்துக் காட்டப் பதினாறு நிறத்துக்குத் துப்பில்லை, தலை சுத்தமான கறுப்பு. கன்னத்துக் குழிகளைக் காட்டுகிற அளவுக்கு அந்தக் கார்டுக்கு நுணுக்கம் பற்றாது, வழவழவென்று இருந்தது. முருங்கைக்காய் உடம்பு பக்கவாட்டில் இழுபட்டு, தோளும் மார்புமாக ஒரு ஆளாக நின்றது. ஊருக்கெல்லாம் அவன் பேனரில் செய்து கொடுத்ததை ஒரு கார்டு அவனுக்குச் செய்து கொடுத்துவிட்டது. காலையில் மூன்று முறை, சாயங்காலம் நான்கு முறை அவன் கண்ணாடி பார்த்தான், அவன் பார்ப்பதை இசக்கியம்மாளும் பார்த்தாள்.

“ஏல மந்திரம், இப்பமே சூட்டோட சூடா ஒரு பொண்ணப் பாத்துருவோம்” என்றாள் அவள். “நிறம் திரும்புததுக்குள்ள தாலியக் கெட்டிரணும்.”

இடம் அமைந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஊத்துப்பாறையிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போன கந்தையாவின் மகள், பெயர் ஆவுடைச்செல்வி, வயது முப்பத்திமூன்று. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எப்படியும் ஊருக்கு வருகிறோம், கோவிலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் காலையில் அவர்கள் வந்த பேருந்து வளைவைத் தாண்டியபோது, அவள் பொங்கலுக்கென்று ஒரு மாதமாக யோசித்துத் தேர்ந்தெடுத்துக் கட்டியிருந்த மயில்கழுத்து நிறச் சேலை, ஒரு நொடியில் வெறும் பச்சை ஆயிற்று. அவள் முந்தானையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அட என்னுங்கப்பா இது” என்றாள், அவ்வளவுதான்.

கோவிலில் கந்தையாவுக்கு மாப்பிள்ளையைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. “நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்காரு. நீ என்னம்மா சொல்லுத?”

ஆவுடைச்செல்வி மந்திரமூர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கூச்சமில்லாமல், துணியைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்கப்பா.”

“பிடிக்கலையா?”

“பிடிக்கலைன்னு சொல்லலீங்க. இந்த லைட்டுல சொல்ல முடியாதுங்கறேன்.”

அவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் பதினைந்து வருஷமாக ஷேடு பார்க்கிறவள். வாங்குகிறவர்கள் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பார்கள்; பட்டறை சாயம் போட்டுக் கொடுக்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற துணி, வீட்டுக் குண்டு பல்பில் வேறாகிவிடும். பல்பில் ஒன்றாக இருப்பது வெயிலில் காலை வாரிவிடும். அதனால் ஒரு பெட்டிக்குள் மூன்று விளக்கு வைத்து, மூன்றிலும் பார்த்த பிறகுதான் சரி என்பார்கள். “மூணு லைட்டுலயும் பாக்காம நான் ஒரு கர்ச்சீப்புக்குக்கூட ஓகே சொன்னதில்லீங்க” என்று அவள் மந்திரமூர்த்தியிடமே சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்க. ஊரு சரியாகட்டும், அப்புறம் பாத்துச் சொல்றனுங்க.”

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லாமல், ஏன் சொல்ல முடியாது என்று காரணம் சொன்ன முதல் பெண் அவள். அந்த நிமிடமே மந்திரமூர்த்திக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று, அதே நிமிடத்தில் பயமும் வந்தது. பொய் முகத்துக்கு அவள் சரி சொல்லப்போவதில்லை. நிஜ முகத்துக்குப் பதினோரு பேர் சொன்ன பதில் அவனுக்குத் தெரியும்.

“அந்தக் கார்டு எங்கீங்க இருக்குது? பாக்கலாமுங்களா?” என்றாள் ஆவுடைச்செல்வி.

பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் கடைக்குக் கிளம்பினார்கள். கோவில் வாசல் பூக்காரம்மா வந்தாள், தையல்காரர்கள் வந்தார்கள், இரண்டு ஆட்டோ சங்கமும் வந்தது, நடுவில் லூர்து மேரி அம்மாளும் வந்து சேர்ந்துகொண்டார். ஆவுடைச்செல்வி பக்கத் தகடு கழற்றிய பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

“டிரைவரெல்லாம் போட்டாச்சுங்களா?”

“போன வாரமே சரியானது கெடைச்சுப் போட்டுட்டேன். சிஸ்டம் உள்ள ஆள் இருக்கது தெரியுதுங்கு, மொகந்தான் தெரியலங்கு.”

அவள் கார்டின் ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, “ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வெச்சீங்களா?” என்று கேட்டாள்.

“பின்னே?” என்றாள் இசக்கியம்மாள் பெருமையாக. “நாந்தான் வச்சேன். முன்னால, பின்னால, அடியில அந்தப் பல்லு பல்லா மஞ்சளா இருக்குல்லா, அதுலயும் வரிசையா வச்சேன்.”

அந்தப் பல்வரிசைதான் கார்டு கம்ப்யூட்டரைக் கடித்துக்கொண்டு பேசுகிற இடம் என்பது மந்திரமூர்த்திக்குத் தெரியும், பதினெட்டு வருஷமாகத் தெரியும். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“எங்க லேப்லயும் இதே கூத்துதானுங்க” என்றாள் ஆவுடைச்செல்வி. “நிறம் பாக்கற மெஷினுக்கு அதோட கண்ணுலயே பொட்டு வெச்சுட்டாங்க. மூணு நாளா வெள்ளத்துணிய ரோஸு ரோஸுன்னு சொல்லிட்டு இருந்துச்சு. ஒரு ரப்பர் குடுங்க, பென்சில் அழிக்கற ரப்பர். தேச்சு எடுத்தர்லாம்.”

“பொட்ட அழிக்கதா?” இசக்கியம்மாளின் குரல் உயர்ந்தது. “சம்பந்தம் பேச வந்த நல்ல நாள்ல, நான் வச்ச பொட்ட அழிக்கதா?” கூட்டத்தில் பூக்காரம்மா உச்சுக்கொட்டினாள், அதுவும் சரிதானே என்று பத்துக் குரல் எழுந்தது. ரீஸ்டார்ட்டுக்கு நாற்பது நாள் ஈடு கொடுத்த ஊர், இந்த இடத்தில் வந்து முட்டி நின்றது.

“அழிக்கலீங்க அக்கா, இடம் மாத்தி வெக்கறோம்” என்றாள் ஆவுடைச்செல்வி பொறுமையாக. “நெத்தியில வெக்கற பொட்ட யாராச்சும் பல்லுல வெப்பாங்களா? அதா, கார்டு மேல காத்தாடி சுத்துதில்லீங்களா, அதுதான் இதுக்கு நெத்தி. பல்லத் தொடச்சுட்டு, உங்க கையால அங்க ஒரு பொட்டு வெச்சு விடுங்க.”

இசக்கியம்மாள் நெற்றியையும் பல்லையும் மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். “அதுஞ் சரிதான்” என்றாள்.

அதற்குள் திரவியம் அண்ணாச்சி மந்திரமூர்த்தியின் தோளில் கை போட்டுக் கண்ணாடிப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தார். “வே, நல்லா யோசிச்சுக்கோரும். என் யாவாரத்த விடும். இந்தா, இந்த மூஞ்சியப் பாரும். நிறம் திரும்புச்சுன்னா உம்ம பழைய மூஞ்சியும் கூடவே திரும்பும். பொண்ணு இம்புட்டு நேரம் நின்னு பேசுது. ரப்பர் கெடைக்கலன்னு சொல்லிரும்வே. பன்னெண்டாவது வீடு வேண்டாம்.”

மந்திரமூர்த்தி கண்ணாடியைப் பார்த்தான். கறுத்த முடியும் வழவழத்த கன்னமுமாக அந்த நல்ல ஆள் உள்ளிருந்து அவனைப் பார்த்தான். விட்டுவிட்டுப் போக நிஜமாகவே கஷ்டமாகத்தான் இருந்தது.

“அண்ணாச்சி, ஊருக்கே பேனர்ல மூஞ்சி மாத்திக் குடுத்தவன் நான்” என்றான். “கல்யாணம் முடிஞ்சு பேனரக் கழட்டுன மறுநா வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? தலைவியம்மா, மைக் ஆட்டோவ அனுப்புங்க. இருவது நிமிசம்னு சொல்லச் சொல்லுங்க.”

ஆட்டோ சுற்றி வந்தது. எண்ணெய்ச் சட்டிகள் இறங்கின, குழந்தைகள் பிடிபட்டன. மதியம் பன்னிரண்டு மணிக்கு மந்திரமூர்த்தி கம்ப்யூட்டரை அணைத்தான், ஊத்துப்பாறை இல்லாமல் போயிற்று. அந்த இருட்டில் தீக்குச்சி எரியாது, டார்ச் அடிக்காது. அவன் தடவித் தடவிக் கார்டை உருவி, அவள் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தான். சரக் சரக் என்று ரப்பர் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன், “ஒண்ணு சொல்லணும்” என்றான். “வெளிச்சம் வந்தா நான் நீங்க காலையில பாத்த ஆளா இருக்க மாட்டேன்.”

“எப்படி இருப்பீங்க?”

“ஒல்லியா இருப்பேன். சட்டை தொளதொளன்னு கெடக்கும். கன்னத்துல குழி இருக்கு, எடது பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. காதுக்கிட்ட நரை.”

“ரெண்டு காதுக்கிட்டயும்னு சொல்லும்வே” என்றது இருட்டில் திரவியம் அண்ணாச்சியின் குரல்.

“ரெண்டு காதுக்கிட்டயும்” என்றான் மந்திரமூர்த்தி. கூட்டம் முழுக்கப் பக்கத்தில்தான் நிற்கிறது என்பதை அவன் மறந்தே போயிருந்தான். “சிரிச்சா மேல் ஈறு தெரியும். பதினோரு வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாவ.”

“கொறட்டை விடுவான்” என்றாள் இசக்கியம்மாள், தம்பி ஆரம்பித்ததைத் தானாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று.

“அது வெயில்ல தெரியாதுங்க அக்கா” என்றாள் ஆவுடைச்செல்வி. சரக் சரக் சத்தம் நின்றது. “இந்தாங்க. மாட்டுங்க.”

அவன் செருகினான், இசக்கியம்மாள் தடவிப் பார்த்து நெற்றியென்று நினைத்த இடத்தில் பொட்டு வைத்தாள், அது பாதி அவன் கட்டை விரலில் விழுந்தது. பட்டனை அமுக்கினான். சிஸ்டம் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு கிடந்தது. பிறகு அந்தப் பழைய கார்டை முகம் தெரிந்த மனிதரைப்போல உள்ளே வரச் சொன்னது, வரச் சொன்ன நொடியில் கடைக் கண்ணாடியிலிருந்து தொடங்கி, தெருவில் இறங்கி, சந்து சந்தாக நுழைந்து, வெங்காயத்தோல் நிறம் வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது, அரக்கு வந்தது, ராமர் பச்சையும் கிளிப்பச்சையும் தனித்தனியாக வந்தன, பாக்கு நிறமும் மிளகாய்ப்பழச் சிவப்பும் வந்தன, தக்காளிக் கூடையில் செங்காய் வந்தது, சங்கக் கொடிகள் இரண்டும் வேறு வேறு சிவப்பாகி அவற்றின் கீழே நின்றவர்கள் ஒரு அடி விலகிக்கொண்டார்கள், ஆவுடைச்செல்வியின் சேலை மயில்கழுத்தாகிப் பளபளத்தது, சாயம் ஏறி ஏறி நகக்கண்ணெல்லாம் ஊதாவும் இளநீலமுமாகக் கிடந்த அவள் விரல்களை மந்திரமூர்த்தி முதல் முறையாகப் பார்த்தான். எல்லோரும் பழையபடி ஒடுங்கினார்கள். மந்திரமூர்த்தி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒடுங்கினான்.

ஆவுடைச்செல்வி அவனைக் கடை டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்த்தாள், சாமி படத்துக்கு மேலே இருந்த குண்டு பல்பைப் போடச் சொல்லி அதன் கீழேயும் பார்த்தாள். பிறகு, “வெளிய வாங்க” என்று வாசலுக்குக் கூட்டிப்போய் உச்சி வெயிலில் நிறுத்தி, இடது கன்னத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள், வலது கன்னத்தைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள், இரண்டு காதோரமும் பார்த்தாள். “சிரிங்க” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, இருந்தாலும் சிரித்தான், மேல் ஈறு தெரிந்தது.

“காலையில பாத்ததும் இதும் மேட்ச் ஆகலீங்க” என்றாள்.

மந்திரமூர்த்தி தலையாட்டினான். பன்னிரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டான்.

“ஆனா இருட்டுல சொன்னதும் வெயில்ல நிக்கறதும் ஒரே ஷேடுங்க. அப்பா, ஓகே சொல்லிருங்க.”

“வீட்டுக்குப் போயி எல்லாரும் கலந்து பேசிட்டு…” என்று தொடங்கினார் கந்தையா.

“வேண்டாங்கப்பா” என்றாள் ஆவுடைச்செல்வி. இசக்கியம்மாள் ஒரு பெரிய குலவையை எடுத்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்துவிட்டதால் அது நடுவில் உடைந்தது, மிச்சத்தைப் பூக்காரம்மா முடித்து வைத்தாள். திரவியம் அண்ணாச்சி மட்டும் பிஞ்சுக் கத்தரிக்காய் நிறச் சேலைகளோடு யார் யார் கடைக்கு வரப்போகிறார்கள் என்பதை யோசித்து, ஷட்டரை இறக்க ஓடினார்.

தை மாதம் கல்யாணம். சொந்தக் கல்யாணத்துக்குச் சொந்தக் கடையில் பத்துக்கு ஆறில் பேனர் அடிக்க உட்கார்ந்த மந்திரமூர்த்தி, படத்தைத் திரையில் பெரிதாக்கி, பழக்க தோஷத்தில் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திருப்பூருக்குப் போன் போட்டான்.

“மொகத்துல லேசா, ரொம்ப லேசா, ஒண்ணு ரெண்டு குழி மட்டும் சரி பண்ணிக்கிடட்டுமா?”

“கை வெச்சீங்கன்னா அப்ரூவல் கேன்சலுங்க” என்றாள் ஆவுடைச்செல்வி.